முகப்பரு குற்றமல்ல, அதை வைத்து நடக்கும் வியாபாரம்தான் குற்றம்!

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். நல்ல அர்த்தத்தில்தான் சொன்னார்கள். ஆனால் கன்னத்தில் நாலு பருவோடு கண்ணாடி முன்னால் நிற்கும் ஒரு பதினேழு வயசுப் பெண்ணிடம் இந்தப் பழமொழியைச் சொல்லிப் பாருங்கள். அவளுக்கு அது பழமொழியாகக் கேட்காது, தீர்ப்பாகத்தான் கேட்கும்.

அந்தத் தீர்ப்புக்குப் பயந்து அவள் எங்கே போகிறாள்? டாக்டரிடம் அல்ல. தெருமுனை மெடிக்கல் ஷாப்புக்கு.

மாடம்பாக்கமோ, சேலையூரோ, ராஜகீழ்ப்பாக்கமோ, எந்த ஊராக இருந்தாலும் சரி. சாயங்காலம் டியூஷன் விட்டு வரும் நேரத்தில் மருந்துக் கடை வாசலில் பத்து நிமிஷம் நின்றால் போதும், இந்த உரையாடல் காதில் விழும்.

"அண்ணா, முகத்துல பரு வருதுண்ணா. ஏதாவது நல்ல க்ரீம் இருந்தா குடுங்க."

"இத போடும்மா. ரெண்டே நாள்ல அமுங்கிடும். முகமும் கொஞ்சம் கலரா வரும்."

சீட்டு கிடையாது. எவ்வளவு நாள் போட வேண்டும் என்ற கேள்வி கிடையாது. பில் கூட பல நேரம் கிடையாது. ஒரு சின்ன டியூப் காகித உறையில் கை மாறுகிறது. கடைக்காரர் சொன்ன மாதிரியே ரெண்டு நாளில் பரு அமுங்கியும் விடுகிறது!

பிரச்சனை ஆரம்பிப்பதே அங்கேதான்.

பரு எப்படி வருகிறது?

முதலில் எதிராளி யார் என்று தெரிந்துகொள்வோம். தோலில் முடி முளைக்கும் ஒவ்வொரு குழியின் பக்கத்திலும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அதில் ஊறும் எண்ணெய்க்கு சீபம் என்று பெயர். பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடும்போது (பெண்களுக்கும் கூடும்) இந்தச் சுரப்பி பெரிதாகி எண்ணெயை அதிகம் சுரக்கிறது. குழியின் வாயில் செத்த செல்கள் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடுகின்றன. உள்ளே தேங்கிய எண்ணெயில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது. உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடுகிறது. அந்தச் சண்டைதான் வெளியே சிவந்து, வீங்கி, சீழ் வைத்துத் தெரியும் பரு.

ஆக, எண்ணெய், அடைப்பு, பாக்டீரியா, வீக்கம். இந்த நாலும் சேர்ந்ததுதான் பரு. இதில் அழுக்குக்கு எங்கே இடம்? மூக்கின் மேல் தெரியும் கரும்புள்ளி கூட அழுக்கு கிடையாது. தோலின் நிறமியும் காற்றுப் பட்ட எண்ணெயும் சேர்ந்து கறுத்துத் தெரிகிறது, அவ்வளவுதான். இது தெரியாமல் 'மூஞ்சிய ஒழுங்கா கழுவு' என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை சோப்புப் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார்கள். தேய்க்கத் தேய்க்கத் தோல் எரிச்சலாகிப் பரு கூடத்தான் செய்யும்.

பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்து நாலு வயதுக்குள் இருப்பவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் பரு வருகிறது என்பது மருத்துவப் புத்தகங்களில் உள்ள கணக்கு. நூறு பேரில் எண்பத்தைந்து பேருக்கு வருவது எப்படி ஒருத்தியின் தனிப்பட்ட குறையாகும்? யோசித்துப் பாருங்கள்.

அந்த டியூபுக்குள் என்ன இருக்கிறது?

சரி, ரெண்டே நாளில் பருவை அமுக்கிய அந்த மாய டியூபுக்கு வருவோம். அதைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்தால் பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். எல்லாம் ஸ்டீராய்டு. பல டியூபுகளில் ஸ்டீராய்டோடு ஒரு ஆன்டிபயாடிக்கும் படர்தாமரை மருந்தும் சேர்ந்து இருக்கும். எது பிடித்தாலும் பிடிக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு வீசும் வலை மாதிரி!

ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. எக்சிமா, சோரியாசிஸ் போன்ற நோய்களுக்கு அது வரப்பிரசாதம். எந்த இடத்தில், எவ்வளவு வீரியத்தில், எத்தனை நாள் என்று தெரிந்தவர் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். முகத்துத் தோல் மெல்லியது. அதன் மேல் வீரியமான ஸ்டீராய்டைப் பூசினால் முதலில் வீக்கம் அடங்குகிறது. ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் தோல் வெளுத்துத் தெரிகிறது. 'கலரா வரும்' என்று கடைக்காரர் சொன்னது இதைத்தான்.

ஆனால் வாரங்கள் மாதங்கள் ஆகும்போது கதை மாறுகிறது. தோல் மெலிந்து உள்ளே இருக்கும் ரத்தக் குழாய்கள் கோடு கோடாகத் தெரிய ஆரம்பிக்கின்றன. வெயில் பட்டால் எரிகிறது. தேவையில்லாத இடத்தில் முடி வளர்கிறது. கடைசியில் எந்தப் பருவுக்காகப் போட்டார்களோ அதே பரு முன்பை விடக் கொத்தாகக் கிளம்புகிறது. பயந்து போய் க்ரீமை நிறுத்தினால் முகம் சிவந்து, எரிந்து, வீங்குகிறது. திரும்பப் போட்டால் அடங்குகிறது. எனவே திரும்பப் போடுகிறார்கள். திரும்ப வாங்குகிறார்கள்.

வணிகவியல் வகுப்பில், திரும்பத் திரும்ப வாங்க வரும் வாடிக்கையாளரை எப்படி உருவாக்குவது என்று பக்கம் பக்கமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தரம், விலை, சேவை, நம்பிக்கை என்று நாலைந்து வழிகள் பாடத்தில் உண்டு. 'நிறுத்தினால் முகம் எரியும்' என்ற வழி எந்தப் பாடத்திலும் இல்லை. ஆனால் இந்தச் சந்தை ஓடுவது அதில்தான்.

இது மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. இந்தியாவின் பல ஊர்களில் தோல் மருத்துவர்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு ஒன்று 2011-ல் வெளியானது. முகத்தில் தோல் பிரச்சனையோடு வந்த 2926 பேரைப் பார்த்ததில் 433 பேர் முகத்துக்கு ஸ்டீராய்டு க்ரீம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் சுமார் 29 சதவீதம் பேர் அதைச் சிவப்பழகு க்ரீமாகவோ, பொதுவான முகப்பூச்சாகவோ, ஷேவிங்குக்குப் பின் தடவும் க்ரீமாகவோ நினைத்துத்தான் போட்டார்கள். 24 சதவீதம் பேர் பருவுக்காகப் போட்டார்கள். அவர்களிடம் கண்ட பக்கவிளைவுகளில் முதலிடம் எதற்குத் தெரியுமா? பருவுக்கே!

பருவுக்குப் போட்ட மருந்தால் பரு. இதற்கு மேல் என்ன சொல்ல?

அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இவர்களில் சுமார் 59 சதவீதம் பேருக்கு க்ரீமைச் சொன்னது டாக்டரே அல்லாத யாரோ. அப்படியென்றால் மீதிப் பேருக்கு? டாக்டரே எழுதிக் கொடுத்திருந்தார். ஆக, பழியை முழுக்கக் கடைக்காரர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. நாலு நாளைக்கு எழுதிய சீட்டை நாலு வருஷம் பத்திரமாக வைத்துக்கொண்டு வாங்கும் நோயாளிக்கும் இதில் பங்கு உண்டு. எத்தனை நாள் என்று எழுதாமல் விட்ட டாக்டருக்கும் உண்டு.

இந்தச் சேதத்துக்கு 'ஸ்டீராய்டால் சேதமான முகம்' என்ற பொருளில் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள் இந்தியத் தோல் மருத்துவர்கள். ஒரு நாட்டின் மருந்துக் கடைப் பழக்கத்தால் ஒரு நோய்க்குப் பெயர் வைக்க வேண்டி வந்தது பெருமையா?

சட்டம் இருக்கிறது, காகிதத்தில்

2018 மார்ச் மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை 'அட்டவணை எச்' என்ற பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அந்தப் பட்டியலில் உள்ள மருந்தைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. தோல் மருத்துவர் சங்கம் பல வருஷம் கத்திக் கேட்டு வாங்கிய மாற்றம் இது.

நல்ல சட்டம்தான். ஆனால் 2018-க்குப் பிறகு மருந்துக் கடை வாசல் உரையாடல் மாறியதா? டியூபின் மேல் எச்சரிக்கை வந்தது. அதுவும் ஆங்கிலத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில். வாங்குபவர் படிப்பது இல்லை, விற்பவர் படித்துக் காட்டுவதும் இல்லை.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். 1940-ம் ஆண்டு மருந்து மற்றும் அழகுப் பொருள் சட்டம் மருந்து வேறு, அழகுப் பொருள் வேறு என்று பிரிக்கிறது. மருந்து உடம்பின் வேலையை மாற்றும். அழகுப் பொருள் தோற்றத்தைக் கொஞ்சம் மெருகேற்றும், அவ்வளவே. எது எது என்பதில் வரி விஷயமும் அடங்கியிருக்கிறது. 'விக்கோ டர்மரிக்' அழகுப் பொருளா ஆயுர்வேத மருந்தா என்று கலால் துறையோடு அந்த நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போராடி 'மருந்துதான்' என்று தீர்ப்பு வாங்கியது. வரி என்று வந்தால் இந்த வித்தியாசம் எவ்வளவு முக்கியமாகிவிடுகிறது!

ஆனால் கல்லாப்பெட்டி முன்னால் அந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. மருந்தான ஸ்டீராய்டு அழகுப் பொருள் மாதிரி விற்கிறது. அழகுப் பொருளான சிவப்பழகு க்ரீமோ, நிறத்தையே மாற்றும் மருந்து மாதிரி விளம்பரமாகிறது. நடுவில் மாட்டிக்கொள்வது முகம்.

சாஷேவுக்குள் அடைத்த தன்னம்பிக்கை

சிவப்பழகு க்ரீமின் கதை தமிழ்நாட்டுக்கு ரொம்ப நெருக்கமானது. 'ஃபேர் அண்ட் லவ்லி'யை இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 1975-ல் சோதனையாக முதலில் விற்றுப் பார்த்தது தென்னிந்தியாவில்தான். 1978-ல்தான் நாடு முழுவதும் போனது. சாஷே வியாபாரமோ கடலூரில் வேர்விட்டது. சாஷேயில் ஷாம்பு விற்று வளர்ந்த கெவின்கேர் நிறுவனம் 1998-ல் 'ஃபேர்எவர்' என்று குங்குமப்பூ க்ரீமை இறக்கியது. ஆக, நிறம் விற்கும் கலையில் நம் பகுதிக்கு நல்ல அனுபவம் உண்டு.

கோவையில் பிறந்து சென்னை லயோலாவில் படித்த சி.கே. பிரஹலாத் உலகம் போற்றும் மேலாண்மை அறிஞர். ஏழைகளையும் வாடிக்கையாளராகப் பாருங்கள், சின்னச் சின்னப் பாக்கெட்டில் விற்றால் லாபமும் வரும், வறுமையும் குறையும் என்பது அவர் கொள்கை. அவரும் ஆலன் ஹாமண்டும் 2004-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஃபேர் அண்ட் லவ்லியையே உதாரணமாகக் காட்டினார்கள். தெருக் கூட்டும் ஏழைப் பெண் அந்த க்ரீமைப் போட்டுப் பெருமைப்படுகிறாள், அவளுக்குத் தேர்வு செய்யும் உரிமையும் தன்னம்பிக்கையும் கிடைக்கிறது என்பது வாதம்.

அனீல் கர்னானி என்ற இன்னொரு மேலாண்மைப் பேராசிரியர் 2007-ல் இதை நார் நாராகக் கிழித்தார். 'நீ கறுப்பு, அதனால் உனக்கு வேலை கிடைக்காது, வரன் கிடைக்காது' என்று முதலில் ஒருத்தியின் தன்னம்பிக்கையை உடைப்பது, பிறகு அதே தன்னம்பிக்கையை அவளுக்கே விலைக்கு விற்பது... இதற்குப் பெயர் அதிகாரம் கொடுப்பதா என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். லாபமும் சமூக நன்மையும் எப்போதும் கைகோர்த்துப் போகாது என்பதற்கு அவர் காட்டிய சாட்சி அந்த டியூப்.

யார் பக்கம் நியாயம்? பருவை வைத்துப் பார்த்தால் கர்னானி பக்கம்தான். ஏனென்றால் கறுப்புத் தோலில் பரு ஆறிய இடத்தில் கருமையான தழும்புப் புள்ளி விழுவது இயற்கை. தோலுக்குள் வீக்கம் வந்தால் நிறமி கூடுதலாகச் சுரக்கும். அது சில மாதங்களில் தானாகவே மங்கும், வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் இன்னும் சீக்கிரம் மங்கும். ஆனால் விளம்பரம் அதற்குப் பொறுமை காக்க விடுவதில்லை. பருவை நோயாகப் பார்க்க வேண்டிய பெண் அதை நிறக்குறையாகப் பார்க்கிறாள். தேவை பரு மருந்து, வாங்குவது சிவப்பழகு க்ரீம்!

2003-ல் மாதர் சங்கங்களின் எதிர்ப்புக்குப் பிறகு ஃபேர் அண்ட் லவ்லியின் சில விளம்பரங்கள் தொலைக்காட்சியை விட்டுப் போயின. 2009-ல் சென்னையைச் சேர்ந்த 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 'கறுப்பே அழகு' என்ற பொருளில் இயக்கம் தொடங்கியது. பின்னாளில் நடிகை நந்திதா தாஸ் அதற்கு முகமானார். 2014-ல் விளம்பரத் தர கவுன்சில், கறுப்பானவர்களைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று விதி போட்டது. 2020-ல் 'ஃபேர்' என்ற சொல்லே போய் 'க்ளோ அண்ட் லவ்லி' வந்தது. ஆனால் பெயர்ப் பலகையை மாற்றினால் ஹோட்டல் சாம்பார் மாறிவிடுமா என்ன?

வெளுக்கப் போய்...

ஸ்டீராய்டாவது கம்பெனி பெயரோடு வருகிறது. பெயரே இல்லாமல் வரும் வெளிநாட்டு டப்பாக்களின் கதை இன்னும் மோசம்.

கேரளாவின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரகத்தின் வடிகட்டி கெட்டுச் சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒரு வகை நோயோடு 22 பேர் வந்தார்கள். அதில் 15 பேருக்கு அபூர்வமான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் போட்டவர்கள். குற்றவாளி, க்ரீமில் இருந்த பாதரசம்! பாதரசம் தோலில் மெலனின் உண்டாவதைத் தடுக்கும், எனவே தோல் வெளுக்கும். ஆனால் அது தோலோடு நிற்காது. ரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகம் வரை போகும். 2024-ல் இது சர்வதேச மருத்துவ இதழில் வெளியானது.

முகம் வெளுக்கப் போய்ச் சிறுநீரகம் போன கதை இது. பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் தோல் க்ரீமில் இருக்கக் கூடாது என்று 2020-ம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகள் சொல்கின்றன. இங்கேயும் சட்டம் இருக்கிறது. க்ரீமும் இருக்கிறது.

வீட்டுக்குள்ளே நடப்பது

கம்பெனியையும் கடையையும் திட்டிவிட்டு வீட்டைச் சும்மா விட்டுவிட்டால் அது நியாயமில்லை.

விசேஷ வீட்டுக்குப் போனால் முதல் வார்த்தை, "என்னடி இது மூஞ்சில?" அடுத்தது, "சூட்டு உடம்பு, எண்ணெய் தேச்சுக் குளி." அதற்கடுத்தது, "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும்!" இதைச் சொல்லும் பெரியம்மாவுக்கு மனசில் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. ஆனால் சொல்லும் ஒவ்வொன்றும் தப்பு. பரு 'சூட்டால்' வருவது இல்லை. தலையில் அப்பிய எண்ணெய் நெற்றியில் வழிந்தால் அங்கே அடைப்பு கூடிப் பரு அதிகமாகும். கல்யாணத்துக்கும் பருவுக்கும் சம்பந்தமே கிடையாது. முப்பது வயதுக்கு மேலும் பலருக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, பரு வருகிறது.

பிறகு கை வைத்தியம். எலுமிச்சம் பழத்தை அறுத்து முகத்தில் தேய்ப்பது, பருவின் மேல் டூத்பேஸ்ட் வைப்பது, ஆப்ப சோடாவைக் கரைத்துப் பூசுவது. எலுமிச்சையின் அமிலம் தோலை எரிக்கும், அதோடு வெயிலில் போனால் கறுத்துப் போகும். டூத்பேஸ்ட் பல்லுக்கு. கடலை மாவும் கஸ்தூரி மஞ்சளும் பெரிய கெடுதல் செய்யாது என்றாலும் குழிக்குள் இருக்கும் அடைப்பை எடுக்கும் சக்தி அவற்றுக்கு இல்லை.

இதெல்லாம் போதாது என்று இப்போது ரீல்ஸ். பத்தொன்பது வயதில் பத்து பாட்டில் 'சீரம்' வரிசையாக அடுக்கி வைத்து, காலையில் ஆறு, ராத்திரி எட்டு என்று பூசிக் காட்டுகிறார்கள். காசு வாங்கிச் செய்யும் விளம்பரம் என்றால் அதைச் சொல்லியாக வேண்டும் என்று 2021-லும், உடல்நலம் பற்றி அறிவுரை சொல்பவருக்கு அதற்கான படிப்பு இருக்க வேண்டும் என்று 2023-லும் விளம்பரத் தர கவுன்சில் விதி போட்டது. பார்ப்பவர் அதைக் கேட்பதுமில்லை, தேடுவதுமில்லை.

இன்னொரு முரணையும் சொல்லியாக வேண்டும். மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலில் கருங்கல்லில் நிற்கும் தெய்வத்தின் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு 'என்ன அழகு, என்ன களை' என்று உருகுகிறோம். வீட்டுக்கு வந்து பையனுக்கு வரன் பார்க்கும்போது 'பொண்ணு நல்லா செவப்பா இருக்கணும்' என்கிறோம். அப்படியென்றால் அழகு எது என்று நமக்கே தெரியவில்லை என்றுதானே அர்த்தம்?

'ஏழைக்கு மெடிக்கல் ஷாப்தான் டாக்டர்'

எதிர்த் தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. 'தோல் டாக்டரைப் பார்க்க ஐந்நூறு, ஆயிரம் ஃபீஸ். அரை நாள் கூலி போகும். ஒரு பருவுக்காக இதெல்லாம் முடியுமா? மெடிக்கல் ஷாப்காரர் இல்லையென்றால் ஏழைக்கு நாதி ஏது?'

பாதி உண்மை. தலைவலிக்கும் சளிக்கும் கடைக்காரர் செய்யும் உதவியை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கணக்கைக் கொஞ்சம் முழுசாகப் போடுவோம். ஒவ்வொரு மாதமும் வாங்கும் டியூப், நடுவில் வாங்கும் சிவப்பழகு க்ரீம், கல்யாணத்துக்கு முன் பார்லரில் ஃபேஷியல், கடைசியில் முகம் கெட்டபின் தோல் டாக்டர். ஒரு வருஷக் கணக்கை எழுதிக் கூட்டிப் பார்த்தால் முதலிலேயே டாக்டரிடம் போயிருந்தால் ஆகியிருக்கும் செலவு எவ்வளவு குறைவு என்று புரியும். மலிவு என்று வாங்குவது மலிவாக இருப்பதில்லை.

அதோடு, அரசு மருத்துவமனையில் ஃபீஸ் கிடையாது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் ஒரு பக்கம் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மறுபக்கம் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. ரெண்டிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. ரயில் டிக்கெட் ஒரு டீ விலைதான். வரிசையில் நிற்க வேண்டும், உண்மை. ஆனால் ஒரு நாள் வரிசையில் நிற்பதா, ஒரு வருஷம் துப்பட்டாவால் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்பதா? எது கஷ்டம்?

அரசுக்கும் ஒரு கேள்வி. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சாதாரணப் பருவுக்கு மருந்து கிடைத்தால் யார் அந்த டியூபைத் தேடிப் போகப் போகிறார்கள்? பள்ளிக்கூடத்தில் இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கத் தெரிந்த அரசுக்கு, அதே வகுப்பில் பரு என்றால் என்ன என்று ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுக்க முடியாதா?

அப்போ என்னதான் செய்வது?

மருத்துவம் இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. மாயம்தான் இல்லை.

1. முகத்தைக் காலையும் ராத்திரியும் மென்மையான சோப்பு இல்லது ஃபேஸ் வாஷால் கழுவினால் போதும். வியர்த்து வந்தால் இன்னொரு தடவை. நார், பிரஷ், ஸ்கிரப் வேண்டாம்.

2. லேசான பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு ஜெல் நல்ல மருந்து. 2.5 சதவீதமே போதும். 5, 10 சதவீதத்துக்குச் சமமாக வேலை செய்யும், எரிச்சலும் குறைவு. துண்டு, தலையணை உறை வெளுக்கும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

3. அடைப்பை எடுக்க அடாபலீன் ஜெல். ராத்திரி பட்டாணி அளவு எடுத்து, பருவின் மேல் மட்டும் வைக்காமல் பரு வரும் இடம் முழுவதும் மெலிதாகப் பூச வேண்டும். முதல் சில வாரம் வறண்டு உரியும். பயந்து நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிகள் போடக் கூடாது.

4. பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ரெண்டு நாளில் பலன் தெரிகிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள், டியூபைத் திருப்பிப் படியுங்கள்!

5. வெயிலில் போகும்போது சன்ஸ்க்ரீன். தழும்புப் புள்ளி கறுக்காமல் இருக்க இதுதான் உண்மையான 'சிவப்பழகு க்ரீம்'. எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத மாய்ச்சரைசரும் வேண்டும். எண்ணெய் முகத்துக்கு மாய்ச்சரைசர் எதற்கு என்று நினைக்க வேண்டாம். மருந்தால் வறளும் தோலுக்கு அது தேவை.

6. பருவைக் கிள்ளாதீர்கள். குழித் தழும்பு விழுந்தால் அதைச் சரி செய்வது பருவைச் சரி செய்வதை விடப் பல மடங்கு கஷ்டம், செலவு.

7. சாப்பாட்டில் இனிப்பையும் மைதாவையும் குறைத்தால் சிலருக்குப் பரு குறைகிறது. எண்ணெய்ப் பலகாரம் தின்றால் அந்த எண்ணெய் நேராக முகத்துக்கு வராது. ஜிம்மில் வே புரோட்டீன் குடிப்பவர்களுக்குப் பரு கூடினால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

8. பெரிய கட்டி கட்டியாக வலிக்கும் பரு, குழித் தழும்பு, அல்லது மாதவிலக்குத் தள்ளிப் போவதோடு வரும் பரு என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். பின்னது பி.சி.ஓ.எஸ் ஆக இருக்கலாம். கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை அருமையாக வேலை செய்யும். ஆனால் கர்ப்பத்தில் இருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் தொடவே கூடாது. ஆன்டிபயாடிக் மாத்திரையும் அப்படியே. இஷ்டத்துக்குச் சாப்பிட்டால் பாக்டீரியா மருந்துக்குப் பழகிவிடும்.

9. ஏற்கெனவே மாதக் கணக்கில் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருப்பவர்கள் வெட்கப்படாமல் அந்த டியூபையே கையில் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போகலாம். அதிலிருந்து வெளியே வர வழி இருக்கிறது. கொஞ்ச காலம் பிடிக்கும், அவ்வளவுதான்.

கடைசியாக...

பரு வந்தவர் யாருக்கும் எந்தத் தப்பும் செய்யவில்லை. தப்பு செய்தவர்கள் வேறு. சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டை நீட்டும் கை, எத்தனை நாள் என்று எழுதாமல் விட்ட பேனா, கறுப்பைக் குறையென்று சொல்லிக் காசு பார்த்த விளம்பரம், சட்டத்தைப் போட்டுவிட்டுத் தூங்கப் போன அரசாங்கம், 'என்னடி மூஞ்சில' என்று விசேஷ வீட்டில் கேட்ட வாய். இவற்றில் முதல் நாலையும் மாற்ற நாளாகும், போராட வேண்டும். கடைசியை மாற்ற ஒரு பைசா செலவில்லை. இன்றைக்கே மாற்றலாம்.

அடுத்த தடவை ஒரு பெண்ணையோ பையனையோ பார்க்கும்போது முகத்தில் உள்ள பருவைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள். "நல்லா இருக்கியா? சாப்பிட்டியா?" என்று மட்டும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியால் ஒரு டியூப் விற்காமல் போகும்.

விற்காமல் போகட்டுமே!